மூன்றாவது வரிசையில் ஒரு சிரிப்பு

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு நஷ்டமில்லை. நான் படித்தது இயற்பியல். இருட்டில் கயிற்றைப் பார்த்துப் பாம்பு என்று அலறுகிற ரகம் நான் இல்லை. கயிறு என்றால் அது எத்தனை கிலோ தாங்கும் என்று யோசிக்கிற ரகம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று இன்றுவரை தேடுகிறேன். கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நள்ளிரவு கிடையாது. பாழடைந்த பங்களா கிடையாது. நடந்தது மதியக் காட்சியில், நூறு பேருக்கு நடுவில். அந்த நூறு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அதுதான் கொடுமை.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊர் ஃபிலிம் சொசைட்டியில் வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். சில படங்களுக்கு நமக்குத் தெரிந்த எந்த மொழியிலும் சப்டைட்டில் இருக்காது. அப்போது யாராவது வசனத்தைத் தமிழில் எழுதித் தருவார்கள். திரைக்குக் கீழே ஒரு நீளமான வெள்ளைத் துணி கட்டியிருக்கும். கடைசி வரிசையில் லேப்டாப்போடு நான் உட்கார்ந்திருப்பேன். படத்தில் ஒருவர் வாய் திறந்ததும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். துணியில் தமிழ் வரி விழும். அடுத்தவர் பேசினால் மறுபடி ஒரு அமுக்கு. அவ்வளவுதான்.

கேட்க எளிது. ஆனால் எனக்கு அந்த மொழி தெரியாது. காலியான அரங்கில் ஒரு வாரம் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, எந்தச் சத்தம் வந்தால் எந்த வரி என்று காதுக்குப் பழக்க வேண்டும். பொருள் தெரியாத ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் என் தொழில். ஒரு வரி முந்தினால் நகைச்சுவை செத்துவிடும். ஒரு வரி பிந்தினால் கணவன் பேச வேண்டியதை மாமியார் பேசுவாள்.

"பிசிக்ஸ் படிச்சுட்டு பட்டன் அமுக்குறா. லிஃப்ட்ல நிக்கிறவனும் அதைத்தான் செய்றான்," என்பார் அத்தான். நான் இருப்பது அக்கா வீட்டில். ஆகவே அத்தானின் நகைச்சுவைக்குச் சிரிப்பது வாடகை மாதிரி. அவருக்கு ஒரு சிமெண்ட் கடை உண்டு. அங்கே போன் எடுக்க ஆள் வேண்டும். இந்த மாதத்துக்குள் சொசைட்டியில் வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் சிமெண்ட் கடைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. என்னைக் கேட்காமல்தான்.

"இந்தப் படத்துல ஒரு வரிகூடத் தப்பக் கூடாதும்மா. தப்பலைன்னா ஆர்டர் போட்டுடறேன்," என்றார் செயலாளர். சொசைட்டிக்கு எல்லாமே அவர்தான். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். தன் பேச்சு காற்றில் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்.

நான் "சரி சார்" என்றேன். நான் எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் சொல்வேன். மனதுக்குள் சொல்வது வேறு.

படம் என்ன தெரியுமா? ஒரு வீட்டில் அப்பா இறந்துபோகிறார். முதல் காட்சியிலேயே, சாப்பாட்டு மேசையில், கையில் ஸ்பூனோடு. அதை முதலில் யார் சொல்வது என்று எல்லோருக்கும் கூச்சம். அதனால் யாருமே சொல்வதில்லை. பிணத்துக்குச் சட்டை மாட்டி ஆபீசுக்கு அனுப்புகிறார்கள். எதிர்த்துப் பேசாத ஊழியர் என்று அங்கே பதவி உயர்வு கிடைக்கிறது. நடுவில் ஒரு குதிரை மாடிப்படி ஏறி வருகிறது. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் உங்களுக்குச் சினிமா தெரியாது. மேசையில் ஒரு நாற்காலி எப்போதும் காலி. அதற்கும் காரணம் கிடையாது. இரண்டரை மணி நேரம் பிணத்துக்கு சூப் ஊட்டுகிறார்கள். இதற்குப் பெயர் கறுப்பு நகைச்சுவை. கழுதைக்கு வர்ணம் அடித்தால் வரிக்குதிரை என்று டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒத்திகையின் முதல் நாள் காலை. அரங்கில் நான் மட்டும். மேலே அறையில் ஆபரேட்டர் அண்ணன்.

எங்கள் அரங்கின் சீட்டுகள் மடங்குகிறவை. ஆள் எழுந்தால் ஸ்பிரிங் இழுத்து, 'டப்' என்று மேலே போய்விடும். காலியான அரங்கில் எல்லாச் சீட்டும் நிமிர்ந்து நிற்கும். அன்று மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் ஒரு சீட்டு மட்டும் கீழே இறங்கியிருந்தது.

"அண்ணே, மூணாவது வரிசையில ஒரு சீட்டு கெட்டுப்போச்சு."

"ஸ்பிரிங் போயிருக்கும் தங்கச்சி. இங்க எதுதான் போகல?"

இடைவேளையில் போய்ப் பார்த்தேன். சீட்டு நிமிர்ந்துதான் இருந்தது. கையால் அமுக்கிவிட்டேன். 'டப்'. ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, விளக்கணைந்து, படம் ஓடத் தொடங்கிய பிறகு பார்த்தேன்.

கீழே இறங்கியிருந்தது.

உராய்வு என்று சொல்லிக்கொண்டேன். துரு என்று சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்கு வார்த்தைக்கா பஞ்சம்?

மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். சிரிப்பு என்றால் வாய்விட்டு இல்லை. மூக்கால் ஒரு சின்ன "ஹ்க்". நம்மை மதிக்காத ஒருவர், நாம் பேசி முடிக்கும் முன்பே விடுவாரே, அந்த மாதிரி. படத்தின் சத்தம் என்று நினைத்தேன். குடும்பச் சண்டைக் காட்சியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எந்த வரி எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. "ஹ்க்" வந்தது. அமுக்கினேன். வரி சரியாக விழுந்தது. மறுபடி "ஹ்க்". அமுக்கினேன். சரி.

வாரக் கடைசிக்குள் எனக்குப் படம் மனப்பாடம். கடினமான இடத்திலெல்லாம் அந்தச் சத்தம் கைகொடுத்தது. படத்தில் பதிந்த சத்தம் எப்படி இவ்வளவு வசதியாக இருக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை ஆனால் போதும் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக் காட்சி.

நம் ரசிகப் பெருமக்கள் வந்தார்கள். தாடிக்காரர் வந்தார், தாடியை வருடிக்கொண்டே. 'மூணு தடவை' வந்தார். எந்தப் படத்தைச் சொன்னாலும் "நான் மூணு தடவை பாத்துட்டேன்" என்பார், அதனால் நான் வைத்த பெயர். காட்சிக்கு முன்பே செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதையா? மூணு தடவை. குதிரைதான் உயிர்."

"குதிரைதான் சார் படமே," என்றார் செயலாளர். அவர் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கும் ஆபரேட்டர் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

அரங்கு நிறைந்தது. சுவரோரம்கூட நாலைந்து பேர் நின்றார்கள். ஆனால் மூன்றாவது வரிசை இடது ஓரச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. அது இறங்கித்தான் இருந்தது. ஒருவர் அதை நோக்கிப் போனார். பக்கத்தில் வந்ததும் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

யாரிடம் மன்னிப்புக் கேட்டார்?

விளக்கு அணைந்தது.

முதல் பாதி ஒரு பிசிறு இல்லை. நான் அமுக்குவேன், வரி விழும், நூறு பேர் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு நொடி முன்னால், நான் அமுக்குவதற்கும் முன்னால், "ஹ்க்".

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வரியைப் படித்துச் சிரிப்பவர் வரி விழுந்த பிறகுதான் சிரிக்க முடியும். முன்னால் சிரிக்க வேண்டுமென்றால் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் அது தெரிந்தவர் மொழிபெயர்த்துக் கொடுத்த அம்மா ஒருவர்தான். அவர் முழங்கால் வலி என்று வரவே இல்லை.

படத்தில் பதிந்த சத்தம் என்றால் சுவரிலிருக்கும் ஸ்பீக்கரில் வர வேண்டும். இது ஸ்பீக்கரில் வரவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. இடது ஓரம்.

அந்தச் சீட்டின் முதுகுக்கு மேலே தலை எதுவும் தெரியவில்லை.

என் விரல் மட்டும் தன்பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வரி தப்பக் கூடாது. சிமெண்ட் கடை. ஒரு வரி தப்பக் கூடாது.

கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி உண்டு. எல்லோரும் போட்டோ எடுக்க வெளியே போவார்கள். மேசையில் பிணம் மட்டும். எதிரில் அந்தக் காலி நாற்காலி. வசனம் கிடையாது. மூச்சு விடும் நேரம்தான், உடனே கடிகாரம் அடிக்கும், அடுத்த காட்சி. ஒத்திகையில் எத்தனையோ முறை பார்த்தது.

எல்லோரும் வெளியே போனார்கள்.

பிணம். மேசை. காலி நாற்காலி.

கடிகாரம் அடிக்கவில்லை.

நான் காத்திருந்தேன். அடிக்கவில்லை...

பிணம் ஸ்பூனைக் கீழே வைத்தது.

மெதுவாக. சத்தம் வராமல்.

பிறகு கண்ணைத் தூக்கியது. நேராக இல்லை. கொஞ்சம் கீழே. கொஞ்சம் இடது பக்கம்.

மூன்றாவது வரிசையை.

பேசியது.

அந்த மொழிதான். சாதாரணக் குரல். வெகு நாளாய்ப் பழகியவரிடம் பேசுவது போல. என்னிடம் அதற்கு வரி இல்லை. துணி வெள்ளையாகத் தொங்கியது.

கீழேயிருந்து பதில் வந்தது.

ஸ்பீக்கரில் இல்லை. தொண்டையிலிருந்து. சளி கட்டிய ஒரு தொண்டையிலிருந்து...

பிணம் கண்ணை இன்னும் உயர்த்தியது. தலைகளுக்கு மேலே. வரிசை வரிசையாக. பின்னால். பின்னால்.

என்னைப் பார்த்தது.

ஏதோ சொன்னது.

கீழேயிருந்து "ஹ்க்". பிறகு நீளமாக ஒரு பதில்.

பிணம் தலையாட்டியது. இரண்டே சொல். ஸ்பூனை எடுத்துக்கொண்டது.

'டப்'.

சீட்டு நிமிர்ந்தது.

கடிகாரம் அடித்தது.

படம் ஓடியது. நான் அமுக்கினேன். "ஹ்க்" மறுபடி வரவில்லை. மிச்ச வரிகளை எப்படிப் போட்டேன் என்று தெரியாது. விளக்கு வந்தது. ஒருவராவது அலறுவார், ஒருவராவது திரும்பி அந்தச் சீட்டைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

கைதட்டினார்கள்.

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் என்னைத் தூணோரம் இழுத்துப் பல்லைக் கடித்தார்.

"அவ்ளோ நேரம் துணி காலியா இருந்துச்சு. தூங்கிட்டியா?"

"அந்தப் பேச்சுக்கு வரி இல்ல சார். அந்தக் காட்சியே..."

அதற்குள் தாடிக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செயலாளரே! அந்த மேசைக் காட்சியை மொழிபெயர்க்காம விட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. மௌனத்தோட மொழி!"

செயலாளர் முகம் ஒரு நொடியில் மாறியது. "யோசிச்சுத்தான் செஞ்சோம். நம்ம பொண்ணுகிட்ட நான்தான் சொன்னேன், அங்க கை வைக்காதேன்னு."

"தியேட்டருக்குள்ளேருந்தே பதில் குரல் வர்ற மாதிரி ஒலி அமைப்பு! என்னா துணிச்சல்!"

"நான் முதல் தடவை பாக்கும்போதே அந்தக் காட்சியில அழுதுட்டேன்," என்றார் மூணு தடவை.

அவர் சட்டைப் பையில் பேனா, கையில் டீ, கண்ணில் ஈரம். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்று சொல்ல நூறு பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. முதலில் யார் சொல்வது என்று எல்லோருக்கும் கூச்சம். செத்தவனுக்கு சூப் ஊட்டுகிற அந்தக் குடும்பம் தேவலை.

எனக்கு வேலை அன்றே நிரந்தரமானது. அத்தோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அந்த மேசைக் காட்சிக்காகவே, உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி, அடுத்த ஞாயிறும் அதே படம்.

மறுநாள் ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்தேன்.

"நீங்க பாத்தீங்களா அண்ணே?"

"நான் எங்க பாத்தேன்? டீ குடிக்கப் போயிருந்தேன்."

அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார். பிணம், மேசை, நாற்காலி. உடனே கடிகாரம். ஸ்பூன் கையை விட்டு அசையவில்லை. மூன்று முறை போட்டோம்.

"நேத்து படம் லேட்டா முடிஞ்சுதா?"

"இல்லியே. எப்பவும் முடியுற நேரத்துக்குத்தான் முடிஞ்சுது. ஒரு நிமிஷம் கூடல."

அந்தப் பேச்சு மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. சொன்னேனே, அதுதான் என் தொழில். பல் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, அத்தான் சிமெண்ட் விலை சொல்லும்போது, உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த நாட்டில் இருபது வருடம் இருந்தவர். ஒரு சத்தத்துக்குப் பொருள் கேட்க வேண்டும் என்றேன். காதில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன்.

அந்த ஒலிகளை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தார்.

"அம்மா?"

"இதை யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"படத்துல வந்துச்சும்மா. அந்த அப்பா பேசுறது."

"அந்த ஆள் படம் முழுக்க வாயே திறக்க மாட்டான். வசனம் முழுசும் எழுதினது நான்." மூச்சு வாங்கினார். "ரெண்டு பேர் பேசிக்கிறாங்க. ஒருத்தன் சொல்றான், 'இந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு.' இன்னொருத்தன், 'இவங்க யாருக்கும் கேக்காது. ரசிச்சிட்டு இருக்காங்க'ன்றான்."

"அப்புறம்?"

"முதல் ஆள், 'கடைசி வரிசையில ஒருத்தி இருக்கா. அவளுக்குக் கேக்குது'ன்றான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதுக்கு மத்தவன், 'தெரியும். ஒரு வாரமா அவளுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். அவ இடத்துல யார் உக்காந்தாலும் சொல்லிக் குடுப்பேன்'ன்றான்."

"கடைசியா ரெண்டு சொல் இருக்கேம்மா..."

"'அடுத்த ஞாயிறு.'"

ஞாயிற்றுக்கிழமை மறுபடி படம் போடுவது அந்தக் காட்சி ஓடும்போது யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு, டீ குடிக்கும்போதுதான் முடிவானது.

சனிக்கிழமை காலை செயலாளர் அறையில் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் "மாட்டேன்" என்றேன்.

"நாளைக்கு நான் உக்கார மாட்டேன் சார்."

"ஏன்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, சிரிப்பு, போனில் கேட்டது. அன்றுதான் அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பிசிக்ஸ் படிச்ச பொண்ணாம். பேயாம்."

"நீங்களும் உக்காராதீங்க சார். படத்தை நிறுத்திடுங்க."

"வரமாட்டேன்னா ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டுப் போ. நானே அமுக்கிக்கிறேன். இதென்ன மலையைப் புரட்டுற வேலையா?"

எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை சிமெண்ட் கடையில் உட்கார்ந்தேன். "பட்டன் அமுக்குற அனுபவம் இங்கயும் உதவும், போன்ல நம்பர் அமுக்கணும்ல," என்றார் அத்தான். நான் சிரித்தேன். வாடகை.

பத்து நாள் கழித்து ஆபரேட்டர் அண்ணன் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. மூட்டைகளைப் பார்த்தபடி நின்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை என்னண்ணே ஆச்சு?"

"என்ன ஆவும்? நல்லாத்தான் போச்சு. மேசைக் காட்சி வரலன்னு உறுப்பினருங்களுக்குக் கோவம். வெட்டிட்டீங்கன்னு கத்துறாங்க. செயலாளர் மட்டும் வந்துச்சுன்றார். 'என்னைப் பாத்துப் பேசினானே, நீங்கல்லாம் தூங்கிட்டீங்களா'ன்றார்."

"வரியெல்லாம் தப்பாப் போட்டிருப்பாரே. அவர் படத்தைப் பாத்ததே ஒரே ஒரு தடவைதானே."

"அதான் தங்கச்சி ஆச்சரியம். ஒரு வரி தப்பல. எப்படி சார்னு கேட்டேன். 'முன்னாடி ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே இருந்தார், அதை வச்சுப் பிடிச்சேன்'னார்."

லாரி ஒன்று வந்து நின்றது. அத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கார்?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு ராத்திரி வீட்டுல சாப்பிட உக்காந்தவர்தானாம். இன்னும் மேசையை விட்டு எழுந்திரிக்கல. கையில ஸ்பூன். டாக்டருங்க வந்து பாத்துட்டு உடம்புக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. சொசைட்டி ஆளுங்க தினம் போறாங்க. எதிர்ல உக்காந்து பேசிட்டு, 'ஆழ்ந்த யோசனையில இருக்கார்'னு சொல்லிட்டு வர்றாங்க."

"பேசறதே இல்லியா?"

"பேச்சு இல்ல. சிரிப்பு மட்டும்தான். மூக்கால, 'ஹ்க்'னு. வீட்டுக்காரம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா சிரிக்கிறாராம்."

நிறுத்தினார். கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"கூப்பிட்டப்புறம் இல்ல தங்கச்சி. கூப்பிட வாயைத் திறக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி."